நாள் குறிப்பவர் யார்?

2025ஆம் ஆண்டு அக்தோபர்த் திங்கள் 14ஆம் நாளன்று உலகெங்கும் பல கோடிக் கணினிகள் ஒரே பொழுதில் முதுமை எய்தின. அவற்றின் உறுப்பெதுவும் தேயவில்லை, திரை மங்கவில்லை, விசை உடையவில்லை. முதல்நாள் மாலை எவ்வேலையைச் செய்தனவோ அவ்வேலையை மறுநாட் காலையும் அவை செவ்வனே செய்தன. ஆயினும் அவை முதுமையுற்றன என்று அறிவிக்கப்பட்டது. அவ்வாறு அறிவித்தோர் அவற்றை விலைகொடுத்து வாங்கியோர் அல்லர். அவற்றுள் ஓடும் விண்டோசு 10 என்னும் இயங்குதளத்தை ஆக்கி விற்ற மைக்குரோசாப்டு நிறுவனத்தார்.

அன்று தொடங்கி வீடுதோறும் பள்ளிதோறும் அச்சகந்தோறும் ஒரே கேள்வி எழுந்து நிற்கின்றது. புதிய விண்டோசு 11க்கு மாறுவதா? பழையதிலேயே இருப்பதா? இரண்டையும் விட்டு வேறு வழி தேடுவதா? கேள்வி சிறியதுபோல் தோன்றும். ஆனால் அதனுள் ஒருவனுடைய பொருட்செலவும், அவன் பல்லாண்டு தட்டெழுதிச் சேர்த்த எழுத்துச் செல்வமும், தன் கருவியின்மேல் அவனுக்குள்ள உரிமையும் அடங்கியுள்ளன. ஆகவே இதனை மேற்போக்காக எண்ணி முடிவு கட்டுதல் பெரும்பிழையாகும்.

இயங்குதளம் என்பது யாது? கணினியைத் தூண்டியவுடன் முதற்கண் விழித்தெழுந்து, விசைப்பலகை, திரை, வட்டு, அச்சுப்பொறி ஆகிய உறுப்புகளையெல்லாம் ஓர் ஒழுங்கிற் பிணைத்து, ஏனைய மென்பொருள்கள் நின்று இயங்குதற்கு நிலமாக அமைவது அது. வீட்டுக்கு அடிமனை எவ்வாறோ, கணினிக்கு இயங்குதளம் அவ்வாறு. அடிமனை பிறனுடையதாயின், அதன்மேற் கட்டிய கூடமும் மாடமும் எத்துணை அழகியவாயினும், குடியிருப்பவனுடைய உறக்கம் அவன் கையில் இல்லை. மனைக்குரியவன் நாள் குறித்து ஓலை விடுத்தால் மூட்டை கட்டத்தான் வேண்டும்.

இக் கேள்விக்கு விடை கூறுவோர் பெரும்பாலும் இரு திறத்தினர். புதியது வந்தது என்று கேட்டவுடன் ஓடிச்சென்று வாங்குவோர் ஒரு திறத்தினர். இவர்க்குத் தேவை என்னும் அளவுகோல் இல்லை. அடுத்த வீட்டான் வாங்கினான் என்பதே போதிய கரணியம். மற்றொரு திறத்தினர், 'எது வந்தாலும் எனக்கென்ன, என் கணினி ஓடுகின்றது' என்று கண்ணை மூடிக்கொண்டிருப்போர். இவர்க்கு இடர் என்னும் எண்ணமே இல்லை. முன்னவர் கைப்பொருளை இழப்பர். பின்னவர் ஒருநாள் கைப்பொருளினும் அரியதாகிய தம் எழுத்தை இழப்பர். இரு திறத்தாரும் செய்யத் தவறுவது ஒன்றே: தாமே எண்ணிப் பார்த்தல்.

எண்ணிப் பார்க்கும் முறைக்குத் தமிழர் வேறெங்கும் சென்று பாடம் கேட்க வேண்டுவதில்லை. திருக்குறளில் தெரிந்து செயல்வகைக்குப் பின் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. அவை போர்மேற் செல்லும் வேந்தனுக்கு உரைத்தவையாயினும், வினைமேற் செல்லும் எவனுக்கும் பொருந்துவன. இயங்குதளம் மாறுவதா என்னும் கேள்வியையும் இம் மூன்று அளவுகோல்களால் அளந்து பார்க்கலாம்.

வலியறிதல்

முதலாவது அறியத்தக்கது கணினியின் வலி. விண்டோசு 11 என்பது 2021ஆம் ஆண்டு அக்தோபர் 5ஆம் நாள் வெளிவந்தது. அஃது எல்லாக் கணினியிலும் ஏறி அமராது. குறைந்தது 4 கிகாபைட்டு நினைவகமும் 64 கிகாபைட்டு சேமிப்பிடமும் வேண்டும் என்பது முதற் கட்டளை. இவை பெரும்பாலான கணினிகளில் உள்ளனவே. தடையாக நிற்பவை வேறு இரண்டு. ஒன்று, மறைக்குறிகளைக் காத்து வைக்கும் தனிச்சில்லு, இதனை டி.பி.எம். என்பர், அதன் 2.0 என்னும் பதிப்பே வேண்டும். மற்றொன்று, கணினியின் மூளையாகிய செயலி, நிறுவனம் ஏற்றுக்கொண்ட பட்டியலில் இடம்பெற்றதாக இருத்தல் வேண்டும். இன்டெல் நிறுவனத்தின் செயலிகளில், சிலவொழிய, 2017இல் வரத்தொடங்கிய எட்டாம் தலைமுறைக்கு முற்பட்டவை அப் பட்டியலில் இல்லை.

இதன் பொருளை ஆழ்ந்து எண்ண வேண்டும். 2016இல் ஒருவர் நல்ல விலை கொடுத்து ஒரு கணினியை வாங்கியிருப்பார். நினைவகம் 8 கிகாபைட்டு, விரைவான வட்டு, எழுத்துப்பணிக்கும் கணக்குப்பணிக்கும் மிகையான வலி. அதே கடையில் 2019இல் வாங்கிய, அதனினும் வலி குன்றிய மலிவான கணினியொன்று விண்டோசு 11ஐ ஏற்கும். வலிமிக்க பழையது ஏற்காது. எனவே தடை என்பது ஆற்றற் குறைவால் மட்டும் வந்ததன்று, பட்டியலால் வந்தது. பாதுகாப்பை உயர்த்துவதற்காகவே இவ்வாறு வரையறுத்ததாக நிறுவனம் கூறுகின்றது. அதில் உண்மையும் உண்டு. அத்தகைய சில்லு மறைக்குறிகளைக் களவினின்று காக்க வல்லதே. ஆயினும் அக் காப்பின் விலையைத் தருகின்றவர் நிறுவனத்தார் அல்லர்; ஓடும் கணினியை ஓரங்கட்டிப் புதியது வாங்கும் எளிய மக்களே தருகின்றனர். இம் மாற்றத்தால் ஏறத்தாழ 24 கோடிக் கணினிகள் குப்பையாகக்கூடும் என்று கெனலிசு என்னும் சந்தை ஆய்வு நிறுவனம் 2023இல் மதிப்பிட்டது. ஈயமும் பிற நச்சுப் பொருள்களும் அடங்கிய அக் குப்பை எந் நாட்டு மண்ணில், எவ் வேழையின் கையால் பிரிக்கப்படும் என்பதையும் உடன் எண்ணுதல் வேண்டும்.

தகுதியில்லாத கணினியிலும் குறுக்குவழியில் விண்டோசு 11ஐ ஏற்றித் தருவதாகச் சிலர் கூறுவர். ஏற்றலாம் என்பது உண்மையே. ஆனால் அவ்வாறு ஏற்றிய கணினிக்குத் திருத்தங்கள் தொடர்ந்து வரும் என்பதற்கு உறுதியில்லை என்று ஆக்கியோரே கூறிவிட்டனர். திருத்தம் வேண்டியன்றோ மாறுவது! அதுவே உறுதியில்லை எனில், மாறியதனால் ஆய பயன் என்ன? வேலியைப் பிடுங்கி விட்டு வாயிற்கதவுக்குப் பூட்டு வாங்கிய கதையாகவே அது முடியும்.

காலமறிதல்

இரண்டாவது அறியத்தக்கது காலம். அக்தோபர் 14 என்னும் நாளைப் பற்றி மக்களிடையே இருவகைத் தவறான எண்ணங்கள் பரவியுள்ளன. அந் நாளுக்குப் பின் கணினி நின்றுவிடும் என்பது ஒன்று. நிற்காது, விண்டோசு 10 எப்போதும்போல் ஓடிக்கொண்டே இருக்கும். நின்றது ஓட்டையடைப்பு. ஒவ்வோர் இயங்குதளத்திலும் ஆக்கியோர் கண்ணுக்குத் தப்பிய ஓட்டைகள் பல உள. அவை தெரியவரும்போதெல்லாம் திருத்தம் ஆக்கித் திங்கள்தோறும் அனுப்பி வந்தனர். அந்நாளோடு விலையில்லாத் திருத்தம் பொதுவில் நின்றது. அதே நாளில் ஆபீசு 2016, ஆபீசு 2019 என்னும் அலுவலக மென்பொருள்களுக்கும் திருத்தம் நின்றது என்பதைப் பலர் அறியார்.

ஓடுகின்றதே, பின்னர் என்ன அச்சம் என்பது மற்றொரு தவறான எண்ணம். இதற்கு 2017ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் நிகழ்ந்ததே விடையாகும். வானாகிரை என்னும் நச்சுநிரல் அன்று உலகெங்கும் பாய்ந்தது. 150க்கும் மேற்பட்ட நாடுகளில் இரண்டு இலக்கத்துக்கும் மேலான கணினிகள் பூட்டப்பட்டன. பூட்டைத் திறக்கப் பணம் கேட்டு மிரட்டினர். பிரித்தானிய மருத்துவமனைகளில் நோயாளிகள் திருப்பியனுப்பப்பட்டனர். அந்த ஓட்டைக்கான திருத்தம் இரண்டு திங்கள் முன்னரே, மார்ச்சிலேயே, வெளிவந்திருந்தது. தாக்குண்டவற்றுட் பெரும்பாலானவை அத் திருத்தத்தை ஏற்றிக்கொள்ளாமல் வாளா இருந்த கணினிகளே. 2014இலேயே துணை நிறுத்தப்பட்ட விண்டோசு எக்சு.பி.க்கும்கூட மைக்குரோசாப்டு அன்று தனித்திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று. திருத்தம் இல்லாத கணினியை இணையத்தில் திறந்து வைத்தல், ஊருணிக் கரையில் நெற்குதிரைத் திறந்து வைத்துவிட்டு உறங்குவதையொக்கும்.

காலத்தை நீட்டிக்கொள்ளவும் ஒரு வழி வைத்துள்ளனர். 2025இல் அறிவித்தபடி, வீட்டுக் கணினிக்கு 2026 அக்தோபர் 13 வரை ஓராண்டு நீட்டிப்புக்கு 30 அமெரிக்கத் தாலர். அன்றி நிறுவனத்தில் கணக்கு வைத்துக் கணினியின் அமைப்புகளை அவர்தம் சேமிப்பகத்திற் படியெடுக்க இசைந்தால் கட்டணமில்லை. பள்ளி, கல்லூரிகட்கு முதலாண்டு ஒரு தாலர், அடுத்து இரண்டு, பின்னர் நான்கு என மூன்றாண்டு. பிற நிறுவனங்கட்கு ஒரு கணினிக்கு 61 தாலரில் தொடங்கி, ஆண்டுதோறும் இருமடங்கு. ஐரோப்பாவில் நுகர்வோர் அமைப்புகள் எதிர்த்துக் குரல் எழுப்பிய பின்னர், ஆங்குள்ள வீட்டுக் கணினிகட்கு அந் நெருக்கடி தளர்த்தப்பட்டது. கேட்டவர்க்குக் கதவு சிறிது திறந்தது. கேளாதவர்க்கு அது மூடியபடியே இருந்தது. இந் நீட்டிப்பு ஒரு பாலமேயன்றி வீடன்று. பாலத்தின்மேல் நடக்கலாம், குடியிருத்தல் இயலாது.

இந் நாள் குறிப்பு இதுவே முதன்முறையுமன்று. 2001இல் வந்த எக்சு.பி.க்கு 2014 ஏப்பிரல் 8. 2009இல் வந்த விண்டோசு 7க்கு 2020 சனவரி 14. 2015இல் வந்த விண்டோசு 10க்கு 2025 அக்தோபர் 14. இவ்வாறு பத்தாண்டும் அதற்கு மேலும் ஒரு மென்பொருளுக்குத் துணை நிற்றல் எளிய செயலன்று என்பதையும், தகுதியுள்ள கணினிகட்கு விண்டோசு 11 கட்டணமின்றித் தரப்படுகின்றது என்பதையும் நடுநிலையாளர் ஒப்புக்கொள்வர். ஆனால் 2015இல், விண்டோசு 10 வெளிவருமுன், இதுவே கடைசி விண்டோசு என்று அந்நிறுவன அலுவலர் ஒருவரே மேடையில் கூறினார், பலர் நம்பினர். ஆறே ஆண்டில் பதினொன்று வந்தது. பதினொன்றுக்கும் ஒருநாள் முடிவு குறிக்கப்படும். இதனை உணராமல் இன்றைய கேள்விக்கு மட்டும் விடை தேடுவோர், பத்தாண்டுக்கு ஒருமுறை இதே பதற்றத்தைப் படவேண்டியவரே ஆவர்.

இடனறிதல்

மூன்றாவது அறியத்தக்கது இடம். ஒரு கணினி எங்கே, எவ்வேலைக்கு நிற்கின்றது என்பதைப் பொறுத்தே முடிவு அமையும். வைப்பகக் கணக்கைத் திறக்கும் கணினி வேறு; மாணவர் இருபதின்மர் மாறி மாறித் தொடும் பள்ளிக் கணினி வேறு; ஓரறையில் இணையத் தொடர்பின்றி நின்று அச்சுக்கோப்பு மட்டும் செய்யும் கணினி வேறு. முன்னைய இரண்டும் திருத்தமின்றி ஒருநாளும் இருத்தலாகாது. பின்னையதோ, இணையக் கம்பியைப் பிடுங்கி, வெளியார் கொணரும் விரலிகளைச் செருகாமல் காத்தால், இன்னும் பல்லாண்டு உழைக்கும்.

சிற்றூர் அச்சகத்தார் ஒருவரை எண்ணிக்கொள்ளலாம். அவர் பேசுமேக்கர் என்னும் பக்க அமைப்பு மென்பொருளில் இருபதாண்டாக நூல் கோத்தவர். அம் மென்பொருளின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது. பின்வந்த இயங்குதளங்களுக்கென அதனை எவரும் செப்பம் செய்யவில்லை. புதியதில் அஃது ஓடினாலும் ஓடும், நின்றாலும் நிற்கும். அதனினும் பழைய, டாசு காலத்து மென்பொருள் வைத்திருப்போர் நிலை இன்னும் தெளிவானது. 16 பிட்டு மென்பொருள்கள் 32 பிட்டு விண்டோசில் மட்டுமே ஓடும்; விண்டோசு 11இல் 32 பிட்டுப் பதிப்பே இல்லை. இத்தகையோர் ஆய்ந்து பாராமல் மாறினால், மறுநாட் காலையில் தம் வேலைக்கருவி ஒன்றும் கையில் இல்லாமல் நிற்பர். ஆழம் அறியாமற் காலை விடுதல் ஆகாது.

மூன்றாவது வழியொன்று உளது என்பதைப் பலர் கேள்வியுற்றிருப்பர். நெருங்கிப் பார்த்தோர் சிலரே. அதுவே இலினக்சு. இரிச்சர்டு இசுடால்மன் என்னும் அமெரிக்கர், மென்பொருளைப் பயன்படுத்தவும், ஆராயவும், மாற்றவும், பிறர்க்கு வழங்கவும் எல்லார்க்கும் உரிமை வேண்டும் என்னும் கொள்கையொடு 1983இல் குனு என்னும் திட்டத்தை அறிவித்தார். பின்லாந்தின் எல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் இலினசு டோர்வால்டுசு 1991இல் இயங்குதளத்தின் கருவை ஆக்கி உலகோர்க்கு வெளியிட்டார். இவ்விரண்டும் கூடியதே பொதுமக்கள் இன்று இலினக்சு என்று வழங்குவது. உபுண்டு, டெபியன், மின்ட்டு என அதற்குப் பல வடிவங்கள் உள. உரிமக் கட்டணம் இல்லை. விண்டோசு 11 ஏற்க மறுத்த கணினியை அது பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். ஒரு விரலியில் பதிந்து, கணினியின் வட்டைத் தொடாமலேயே ஓட்டிப் பார்க்கவும் இயலும். பிடித்தால் வைத்துக்கொள்ளலாம், பிடிக்காவிடின் விரலியை உருவிவிட்டால் பழையது பழையபடி. இத்துணை நேர்மையாகத் தன்னை ஆய்வுக்கு உட்படுத்தும் வணிகப் பொருள் ஏது?

ஆயினும் இலினக்சைப் புகழ்வோர் அதன் குறைகளை மறைத்தல் தகாது. அடோபி நிறுவனத்தின் பக்க அமைப்பு மென்பொருளாகிய இன்டிசைன் அதில் நேரே ஓடாது. சில அச்சுப்பொறிகட்கும் வருடிகட்கும் உரிய இயக்கிகள் கிடைப்பதில்லை. பழகுதற்குச் சில கிழமைகள் வேண்டும். செருமனியின் மூனிச்சு நகராட்சி இதற்கு நல்ல படிப்பினை. 2003இல் இலினக்சுக்கு மாற முடிவு செய்து, 2013க்குள் ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றியது. 2017இல் மீண்டும் விண்டோசுக்கே திரும்ப முடிவு செய்தது. தொடக்க ஊக்கம் மட்டும் போதாது. தொடர்ந்து பேணும் உறுதியும் பயின்ற ஆட்களும் வேண்டும். அதே செருமனியில் செலசுவிக்-ஒல்சுட்டைன் மாநில அரசு, ஏறத்தாழ 30,000 கணினிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றும் முடிவை 2024இல் அறிவித்தது. அண்டை மாநிலமாகிய கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் கணினிக் கல்வி பல்லாண்டாகக் குனு, இலினக்சு அடிப்படையிலேயே நடந்து வருகின்றது. சிற்றூர்ப் பிள்ளைகள் அங்கே அதிற்றான் எழுதுகின்றனர், வரைகின்றனர், கணக்கிடுகின்றனர். எனவே இயலாது என்பார் கூற்று இயலாமையன்று, முயலாமை.

எழுத்தறிதல்

இம் மூன்றனோடு தமிழர் நான்காவது ஒன்றையும் அறிதல் வேண்டும். அஃது எழுத்து. இயங்குதள மாற்றத்தில் ஆங்கிலேயனுக்கு இல்லாத இழப்பு தமிழனுக்கு உண்டு. அதனைப் பலர் காலங்கடந்தே உணர்கின்றனர்.

ஒருங்குறி பரவுமுன், தமிழ் எழுத்துரு செய்தோர் ஒவ்வொருவரும் தத்தம் விருப்பம்போல் எழுத்துகட்கு எண் கொடுத்தனர். ஒருவர் எழுத்துருவில் ககரமாக நின்ற எண் மற்றொருவர் எழுத்துருவில் வேறோர் எழுத்தாக நின்றது. அவ் எழுத்துரு இருக்கும் வரையில் கோப்பு தமிழாகத் தெரியும். அது போனால் பொருளற்ற குறிகளின் குவியலாகிவிடும். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்னும் குறியீட்டு முறைகளும், தமிழ்99 விசைப்பலகையும் வரையறுக்கப்பட்டன. ஒருங்குறியின் முதற்பதிப்பில் 1991இலேயே தமிழ் இடம்பெற்றிருந்தாலும், விண்டோசு 2000 வந்த பின்னரே அது பொதுமக்கள் கணினியிற் புகுந்தது. அவ் விடமும் இந்திய எழுத்துகட்குப் பொதுவாக வகுத்த இசுக்கி அமைப்பைத் தழுவியதாகலின், உயிர்மெய்யெழுத்துகட்குத் தனித்தனி இடம் கிடைக்கவில்லை. அக் குறையைக் களைய எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனியெண் தரும் டேசு 16 என்னும் முறையையும் ஒருங்குறியோடு சேர்த்துத் தமிழ்நாடு அரசு 2010இல் ஏற்றது. குறைகூறத்தக்க கூறு இருப்பினும், இன்று எந்த இயங்குதளத்திலும் எந்தக் கருவியிலும் தமிழைத் தமிழாகவே காட்டுவது ஒருங்குறியே. உரிமைக்குப் போராடுவது ஒருபுறம் இருக்க, கையிலுள்ள எழுத்தைக் காப்பது முதற்கடமையன்றோ?

ஒரு செய்தியை நினைவிற் கொள்ள வேண்டும். சென்னையில் 1999இல் முடிவான தமிழ்99 விசைப்பலகை, விண்டோசிலேயே உள்ளமைந்த ஒன்றாக வந்தது 2019ஆம் ஆண்டு வெளியீட்டில். இடைப்பட்ட இருபதாண்டும் தமிழர் தனித்தனி மென்பொருள்களைத் தேடி ஏற்றிக்கொண்டே எழுதினர். ஒரு மொழியின் தேவை பிறனுடைய பட்டியலில் எவ்விடத்தில் நிற்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. விண்டோசு 10 தொடங்கி, முன்பு எல்லாரும் பயன்படுத்திய இலதா என்னும் எழுத்துருகூடத் தானே வருவதில்லை. தமிழ்த் துணை எழுத்துருக்கள் என்று விருப்பக் கூறாகத் தனியே கேட்டுப் பெறவேண்டும். நிர்மலா என்னும் எழுத்துருவே இயல்பாக நிற்கின்றது. இலதாவிற் பக்கம் பிரித்த நூல், புதிய கணினியிற் பக்கம் மாறி நின்றால் கரணியம் இதுவே.

ஓலைச்சுவடிக் காலத்தில் தமிழர் ஒன்றை நன்கு அறிந்திருந்தனர். ஓலை சில நூற்றாண்டே தாங்கும். ஆகவே காலத்தே படியெடுத்தல் வேண்டும். படியெடுத்தவை வாழ்ந்தன, படியெடாதவை செல்லுக்கிரையாயின. சி.வை. தாமோதரனாரும் உ.வே. சாமிநாதரும் ஊரூராக அலைந்து ஏடு தேடியதெல்லாம், படியெடுப்பார் அருகிய காலத்தில் எஞ்சியவற்றைக் காக்கவே. 1887இல் கலித்தொகையும் சிந்தாமணியும் அச்சேறியது அவ் வுழைப்பின் பயன். கணினிக் கோப்பின் வாழ்நாளோ நூற்றாண்டன்று; ஒரு பத்தாண்டே. பழைய எழுத்துருவில் உறங்கும் தமிழிதழ்களும், சிறுநூல்களும், ஊர் வரலாறுகளும், அகரமுதலித் தொகுப்புகளும் எத்துணையோ! ஒவ்வோர் இயங்குதள மாற்றத்திலும் அவற்றுள் ஒரு பகுதி, எரியாமலே எரிகின்றது. புகையில்லை, ஆகவே எவரும் ஓடிவருவதில்லை.

முடிவு

இவற்றையெல்லாம் கூட்டி நோக்குமிடத்து முடிவு தெளிவாகும். முதலாவது, மாறுவதா மாறாதிருப்பதா என்று எண்ணுமுன்னரே, பழைய எழுத்துருவில் உள்ள கோப்புகளையெல்லாம் ஒருங்குறிக்கு மாற்றி, கணினியினின்று தனித்து நிற்கும் இரண்டு வட்டுகளில் படியெடுத்து வைத்தல் வேண்டும். மாற்றித் தரும் கருவிகள் கட்டணமின்றியே கிடைக்கின்றன. மாற்றியதை மூலத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் படித்தலும் இன்றியமையாதது. ஒற்றும் கொம்பும் இடம்பெயர்தல் உண்டு. இதனைச் செய்யாமல் செய்யும் எந்த மாற்றமும் கண்ணை விற்று ஓவியம் வாங்குவதாகும்.

இரண்டாவது, கணினி தகுதியுடையதாயின் விண்டோசு 11க்கு மாறுவதில் இழுக்கில்லை. பழையதைப் பிடித்துக்கொண்டு இடரை வரவழைத்தல் கொள்கை உறுதியாகாது. ஆனால் மாறும்போது திரையில் வரும் ஒவ்வொரு கேள்வியையும் படித்தே இசைவு தருதல் வேண்டும். தம் எழுத்தெல்லாம் பிறர் சேமிப்பகத்திற் சென்று தங்குவதற்குத் தாமே அறியாமல் ஒப்பம் இட்டோர் பலர்.

மூன்றாவது, கணினி தகுதியற்றது எனப்பட்டால் அதனைத் தூக்கியெறிதல் வேண்டா. இலினக்சை விரலியில் ஏற்றி ஒரு கிழமை ஓட்டிப் பார்க்கலாம். எழுதுதல், படித்தல், அஞ்சல், கணக்கு என்பனவே வேலையாயின் அதுவே போதும். இலிபுரே ஆபீசு என்னும் அலுவலகத் தொகுப்பும், தமிழ்99 விசைப்பலகையும், தமிழ் இடைமுகமும் அதில் உள. விண்டோசையே நம்பிய தொழில்மென்பொருள் உடையோர், ஓராண்டு நீட்டிப்பைப் பெற்று, அவ் வோராண்டை உறங்கிக் கழிக்காமல் மாற்றுவழி தேடுதற்குப் பயன்படுத்துதல் வேண்டும். அன்றேல் அக் கணினியை இணையத்தினின்று பிரித்துத் தனியே நிறுத்துதல் வேண்டும். திருத்தமில்லாக் கணினியை இணையத்தில் உலவ விடுதல் ஒன்றே எவரும் செய்யத்தகாதது.

நான்காவது, இது தனியொருவர் வினை மட்டுமன்று. ஒரு பள்ளி ஆசிரியர் தாமாகவே பத்துக் கணினிகளை மாற்ற அஞ்சுவார். ஐந்து பள்ளி ஆசிரியர்கள் கூடினால் ஒருவர் கற்றதை மற்றவர்க்குக் கற்பிக்கலாம். ஊர்தோறும் உள்ள தமிழ் மன்றங்களும் நூலகங்களும், ஒரு விடுமுறை நாளில் பழைய கணினிகளை ஒருங்கு கொணர்ந்து ஆய்ந்து, கோப்புகளைப் படியெடுத்து, ஏற்ற இயங்குதளத்தை ஏற்றித் தருவதைத் தொண்டாக மேற்கொள்ளலாம். அதற்கு வேண்டுவது பெரும்பொருளன்று. அறிந்த இளைஞர் இருவரும், பொறுமையும், சில விரலிகளுமே. பதறாத வினை சிதறாது.

அக்தோபர் 14ஐக் குறித்தவர் வேறு நாட்டில் ஒரு நிறுவனத்தார். அடுத்த நாளையும் அவரே குறிப்பர். அதனைத் தடுக்கும் ஆற்றல் இன்று தமிழரிடம் இல்லை. ஆனால் அந் நாள் வரும்போது எழுத்தெல்லாம் ஒருங்குறியில் இருந்து, படியெடுத்தவை வேறிடத்தில் இருந்து, மாற்று இயங்குதளம் கைக்குப் பழகியும் இருந்தால், அந் நாள் நாட்காட்டியில் மற்றுமொரு நாளாகவே கழியும். பிறர் நாள் குறித்தவுடன் ஓடுவோர் வாடகைக் குடியினர். தம் எழுத்தைத் தம் கையில் வைத்திருப்போரே மனைக்குரியோர். வேண்டுமிடத்து அவர் எந்த இயங்குதளத்திலும் குடிபுகுவர்; வேண்டாவிடத்து எழுந்து செல்வர். தமிழர் இல்லந்தோறும் அந்த நிலை எய்துதற்குரிய முதற்பணி, இன்று மாலையே பழைய கோப்பொன்றைத் திறந்து பார்ப்பதுதான்.